எஃப்ஆர்ஆரில் ஓஎஸ்பிஎஃப்: மதுரைச் சுற்றுவட்டாரத்து ஃபைபர் வளையத்துக்குத் தாங்குமா?

ரோட்டோரம் ஜேசிபி இறங்கினால் முதலில் போவது ஃபைபர்தான். அறுந்த இடத்தைத் தேடி ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் போய்ச் சேர்வதற்குள், மறுபக்க வழியாக நெட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கேபிள் ஆபரேட்டரிலிருந்து இன்டர்நெட் தொழிலுக்கு வந்தவர்களும், மூன்று ஊரில் மில் வைத்திருப்பவர்களும் கேட்பது இதைத்தான். அந்த வேலைக்கு எஃப்ஆர்ரவுட்டிங், சுருக்கமாக எஃப்ஆர்ஆர், என்ற இலவச மென்பொருளில் உள்ள ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைக் கண்டுபிடிக்கும் முறை) எப்படி என்று இங்கே பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தாராளமாகப் போடலாம், நன்றாகத் தாங்கும். வழியைக் கணக்குப் போடுவதில் இதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒரு லிங்க் உயிரோடு இருக்கிறதா என்பது மட்டும்தான் இதற்குத் தெரியும். அந்த லிங்க் நல்ல லிங்க்தானா என்பது தெரியாது. அதை எண்ணாக எழுதிக் கொடுப்பது நம் பொறுப்பு. இந்த மென்பொருள்மேல் வரும் புகார்களில் பெரும்பாலானவை அந்த எண்ணை எழுதாமல் விட்டதால் வருபவை.

எஃப்ஆர்ஆர் ஒன்றும் புதுச்சரக்கு இல்லை. ஜீப்ரா என்ற பழைய திட்டம், அதிலிருந்து கியூவாகா, அதிலிருந்து பிரிந்து 2017-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வெளிவந்தது இது. பழைய பெயர் இன்னும் உள்ளே இருக்கிறது: கண்டுபிடித்த வழிகளை லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் உட்கரு) கொண்டுபோய் எழுதும் பகுதிக்கு இன்றும் ஜீப்ரா என்றுதான் பெயர். பாக்கெட்டைத் தள்ளுவது கெர்னல்; எஃப்ஆர்ஆர் வழியை மட்டும் சொல்கிறது. ஆகவே “எஃப்ஆர்ஆர் எத்தனை ஜிபி தாங்கும்” என்ற கேள்விக்கு விடை உங்கள் பெட்டியின் பிராசசரிலும் நெட்வொர்க் கார்டிலும் இருக்கிறது.

மாதிரிக்கு ஆறு ஊர் எடுத்துக்கொள்வோம். மதுரை கோர், அதாவது மையம். மதுரை–செக்கானூரணி, செக்கானூரணி–உசிலம்பட்டி, உசிலம்பட்டி–திருமங்கலம், திருமங்கலம்–மதுரை என்று 1 ஜிபி ஃபைபரில் ஒரு வளையம். திருமங்கலத்துக்கும் செக்கானூரணிக்கும் நடுவே குறுக்காக 100 எம்பி கொடுக்கும் ஒரு வயர்லெஸ் லிங்க், அவசரத்துக்கு. இன்னொரு பக்கம் ஒத்தக்கடை, அதைத் தாண்டி மேலூர். அது வால் மாதிரி ஒற்றை ஃபைபர். ஓஎஸ்பிஎஃப்பில் நெட்வொர்க்கை ஏரியா என்ற பகுதிகளாகப் பிரிக்கலாம்; இந்த அளவுக்கு ஏரியா 0 ஒன்றே போதும். புத்தகத்தில் இருக்கிறதே என்று ஊருக்கொரு ஏரியா பிரிப்பது வெட்டி வேலை.

ரிப் மாதிரியான பழைய முறையில், ஒவ்வொரு ரவுட்டரும் பக்கத்து ரவுட்டர் சொல்வதை நம்பி நடக்கும். பஸ் ஸ்டாண்டில் ஒருவரிடம் வழி கேட்டு, அவர் இன்னொருவரிடம் கேட்டதைச் சொல்வது போல. ஓஎஸ்பிஎஃப் சேர்ந்த லிங்க்-ஸ்டேட் முறையில் யாரும் யாருக்கும் வழி சொல்வதில்லை. ஒவ்வொரு ரவுட்டரும் “என்னோடு நேரடியாகச் சேர்ந்தவர்கள் இவர்கள், ஒவ்வொருவருக்கும் போக ஆகும் செலவு இவ்வளவு” என்று ஒரு சீட்டு எழுதுகிறது. அதற்குப் பெயர் எல்எஸ்ஏ. அந்தச் சீட்டு ஒரு எழுத்துகூட மாறாமல் ஏரியா முழுக்கப் பரவுகிறது. வாங்கியவர் ரசீது கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால் 5 வினாடியில் மறுபடி அனுப்பப்படும். கடைசியில் ஆறு ஊரிலும் ஒரே வரைபடம். அதை வைத்து ஒவ்வொன்றும் தன்னிடமிருந்து எல்லா ஊருக்கும் குறைந்த செலவுப் பாதையைக் கணக்கிடுகிறது. டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட அதே கணக்குதான்.

செலவு எப்படி வருகிறது என்பதில்தான் முதல் பள்ளம். ஓஎஸ்பிஎஃப் ஒரு அடிப்படை வேகத்தை லிங்க்கின் வேகத்தால் வகுத்துச் செலவு போடும். எஃப்ஆர்ஆரில் அந்த அடிப்படை, எதுவும் மாற்றாவிட்டால், 100 எம்பி. 100 எம்பி லிங்க்குக்கும் செலவு 1, 1 ஜிபி லிங்க்குக்கும் 1, 10 ஜிபிக்கும் 1. ஒன்றுக்குக் கீழே போகாது. நம் வளையத்தில் மதுரை–செக்கானூரணி ஃபைபர் அறுந்தால் என்ன ஆகும்? திருமங்கலம் போய் வயர்லெஸ்ஸில் தாண்டினால் செலவு 2. திருமங்கலம், உசிலம்பட்டி என்று ஃபைபரிலேயே சுற்றினால் 3. கணக்கு 2-ஐத்தான் எடுக்கும். செக்கானூரணிக்காரர்களின் மொத்த டிராஃபிக்கும் 100 எம்பி ரேடியோவில் போய் அடைத்துக்கொள்ளும். எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரியும். வீடியோ மட்டும் ஓடாது.

சரி, அடிப்படையை 10,000 எம்பி ஆக்கிவிட்டோம், ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 10000 என்று எல்லா ரவுட்டரிலும் ஒரே மாதிரி. இப்போது 1 ஜிபிக்கு 10, 100 எம்பிக்கு 100. பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. ரவுட்டர் பார்ப்பது தன்னிடம் செருகியிருக்கும் ஈதர்நெட் போர்ட்டை. ரேடியோவின் போர்ட் ஜிகாபிட். அதற்கு அப்பால் காற்றில் 100 எம்பிதான் போகிறது என்று ரவுட்டருக்கு யார் சொல்வது? அதனால் வயர்லெஸ்ஸுக்கும் 10 என்றே போட்டுக்கொள்ளும். 20-க்கும் 30-க்கும் போட்டி, மறுபடி ரேடியோதான் ஜெயிக்கும். வழி ஒன்றே: அந்த இன்டர்ஃபேஸில் ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 100 என்று கையால் எழுதுங்கள், இரண்டு முனையிலும். செலவு போகும் திசைக்கு மட்டுமே உரியது. ஒரு முனையில் மட்டும் எழுதினால் போவது ஃபைபரிலும் வருவது ரேடியோவிலும் என்று ஆகும். எழுதிய பிறகு கணக்கு 110-க்கும் 30-க்கும். ஃபைபர் சுற்றிப் போகும். ரேடியோ கடைசிக் கைமுதலாகக் காத்திருக்கும். எங்கள் யோசனை, தானியங்கிக் கணக்கை நம்பவே வேண்டாம். லிங்க் ஒவ்வொன்றுக்கும் செலவை ஒரு தாளில் எழுதிவைத்து, அதையே பெட்டியிலும் எழுதுங்கள்.

இதே கணக்கில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கு இரண்டு பக்கமும் செலவு 20. எஃப்ஆர்ஆர் இரண்டு வழியையும் கெர்னலில் எழுதிவிடும், டிராஃபிக் பிரிந்து போகும். ஆனால் இரண்டு லினக்ஸ் அமைப்புகளைத் தொட்டாக வேண்டும். போவது ஒரு வழி, வருவது இன்னொரு வழி என்று ஆகும்போது ஆர்பி ஃபில்டர் (பாக்கெட் வந்த வழி சரியா என்று பார்க்கும் சோதனை) கறாராக 1-இல் இருந்தால் கெர்னல் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அதை 2 ஆக்குங்கள். மல்ட்டிபாத் ஹாஷ் பாலிசியை 1 ஆக்கினால் போர்ட் எண்ணையும் பார்த்துப் பிரிக்கும், சுமை கொஞ்சம் சமமாக விழும்.

நிறுவுவது சுலபம். டெபியன், உபுண்டுவில் ஆப்ட் வழியாக எஃப்ஆர்ஆர், கூடவே எஃப்ஆர்ஆர்-பைத்தான்டூல்ஸ். ஐபி ஃபார்வர்டிங்கை 1 ஆக்க வேண்டும். இதை மறந்தால் வழி எல்லாம் அட்டவணையில் அழகாக இருக்கும், ஒரு பாக்கெட்டும் கடக்காது. பிறகு டீமன்ஸ் என்ற ஃபைலில் ஓஎஸ்பிஎஃப்டி, பிஎஃப்டிடி (லிங்க் அறுந்ததைச் சீக்கிரம் கண்டுகொள்ளும் பிஎஃப்டிக்கானது, பின்னால் வருகிறது) இரண்டுக்கும் எதிரே யெஸ் போடுங்கள். இரண்டையும் முதல் நாளே போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அந்த ஃபைலைத் திருத்தினால் எஃப்ஆர்ஆர் முழுவதையும் நிறுத்தித் தொடங்க வேண்டியிருக்கலாம். ஓடுகிற நெட்வொர்க்கில் அதற்காகவே ஒரு ராத்திரி முழிக்க வேண்டியிருக்கும்.

ஃபயர்வாலில் பலர் தவறுவது ஒரே இடத்தில்: 89-ஐப் போர்ட் எண் என்று நினைத்து டிசிபி 89-ஐத் திறப்பார்கள். 89 என்பது ஐபி புரோட்டோகால் எண். ஓஎஸ்பிஎஃப் டிசிபியிலும் ஓடாது, யுடிபியிலும் ஓடாது, நேரே ஐபியின்மேல் ஓடுகிறது. 224.0.0.5, 224.0.0.6 என்ற மல்ட்டிகாஸ்ட் முகவரிகளும் நடுவில் உள்ள ஸ்விட்சில் தடைபடக் கூடாது. பிஎஃப்டிக்கு யுடிபி 3784.

கமாண்டுகள் விடிவைஷ் என்ற ஷெல்லில். சிஸ்கோ பழகியவர்களுக்குக் கை தானாகவே ஓடும். தட்டியது அந்தக் கணமே அமலுக்கு வரும். “எல்லாம் சரிபார்த்துவிட்டுப் போடு” என்று சொல்ல வழியில்லை. தூரத்து ரவுட்டரில், அதுவும் அந்த லிங்க் வழியாகவே உள்ளே போய்ச் செலவு மாற்றுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எங்களுக்கு இதில் பிடிக்காத அம்சம் இதுதான். ரைட் மெமரி தட்டாமல் விட்டால் அடுத்த கரண்ட் கட்டில் உழைப்பு முழுவதும் போகும்.

ரவுட்டர் ஐடியை, அதாவது ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய தனி எண்ணை, கண்டிப்பாகக் கையால் எழுதுங்கள். ஒரே டிஸ்க்கை நகல் எடுத்து ஆறு பெட்டிக்கும் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு, ஐடியும் நகலாகிவிடும். இரண்டு ஊர் ஒரே பெயரில் சீட்டு எழுதினால், ஒன்று எழுதியதை மற்றது “இது நான் எழுதியது இல்லையே” என்று புதிய வரிசை எண்ணோடு மாற்றி எழுதும். அது மறுபடி இதை மாற்றும். ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் என்று தட்டிப் பாருங்கள். வரிசை எண் ஹெக்ஸில் 80000001-இல் தொடங்கும். எதுவும் மாறாத நெட்வொர்க்கில் 1800 வினாடிக்கு, அதாவது அரை மணிக்கு ஒருமுறைதான் அது கூட வேண்டும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடினால் ஒன்று ஐடி இரட்டிப்பு, இல்லை ஏதோ லிங்க் விழுந்து விழுந்து எழுகிறது. பக்கத்திலேயே வயது என்று ஒரு பத்தி. 1800-ஐ நன்றாகத் தாண்டிப் போகிற சீட்டின் சொந்தக்காரர் இப்போது பேசவில்லை என்று அர்த்தம்; 3600 ஆனதும் சீட்டு கிழிக்கப்படும்.

இந்த வரிசை எண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 1980 அக்டோபர் 27 அன்று, இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட் பல மணி நேரம் முடங்கியது. அங்கே வரிசை எண் 6 பிட், வட்டமாகச் சுற்றும். ஒரு ரவுட்டரின் சீட்டு பிட் உதிர்ந்து 44, 40, 8 என்று மூன்று எண்களில் சுற்றுக்கு வந்துவிட்டது. இருமத்தில் எழுதினால் 101100, 101000, 001000. ஒவ்வொரு படியிலும் ஒரு பிட் மட்டும் காணாமல் போயிருப்பது தெரியும். வட்டக் கணக்கில் 40-ஐவிட 44 புதிது, 8-ஐவிட 40 புதிது, 44-ஐவிட 8 புதிது. மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே நெட்வொர்க்கை நிறைத்துவிட்டன. ஓஎஸ்பிஎஃப்பில் எண் 32 பிட், நேர்க்கோட்டில் ஏறும், சுற்றாது. செக்சம்மும் (பிட் கெட்டதைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) உண்டு.

அடுத்தது எம்டியூ, அதாவது ஒரு லிங்க் ஒரே மூச்சில் விடும் பாக்கெட்டின் உச்ச அளவு. இதில் சிக்காத ஆபரேட்டர் அபூர்வம். நெய்பர் (பக்கத்து ரவுட்டர்) பட்டியலில் ஃபுல் (இணைப்பு முழுமை) வராமல் எக்ஸ்ஸ்டார்ட் அல்லது எக்ஸ்சேஞ்ச் என்றே நின்றால் முதலில் எம்டியூவைப் பாருங்கள். ஒரு முனை 1500, மறுமுனை 1492 என்று இருந்தால் பெரிய எண்ணோடு வரும் விவரச் சீட்டைச் சின்னது ஏற்காது. எம்டியூ-இக்னோர் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. போட்டால் உடனே ஃபுல் வரும், எல்லோரும் மகிழ்ந்து வீட்டுக்குப் போவார்கள். நோய் உள்ளேயே இருக்கும். இன்னும் மோசமானது, இரண்டு முனையும் 1500 என்று எழுதியிருக்க, நடுவில் உள்ள ரேடியோ 1480-க்கு மேல் விடாதபோது. ஒரு விவரப் பாக்கெட்டில் சுமார் 70 எல்எஸ்ஏ தலைப்புகள் அடங்கும். பத்து இருபது சீட்டு இருக்கும்வரை பாக்கெட் சின்னது, எல்லாம் ஒழுங்காக ஓடும். நெட்வொர்க் வளர்ந்து பாக்கெட் நிறையத் தொடங்கிய பிறகு, லிங்க் ஒருமுறை விழுந்து எழுந்தால், அமைப்பில் யாரும் எதையும் தொடாதபோதே நெய்பர் ஃபுல் வராமல் நின்றுவிடும். லிங்க் போடும் அன்றே பிங்கை 1472 பைட்டில், உடைக்கக் கூடாது என்ற குறியோடு, அனுப்பிப் பாருங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து சரியாக 1500. அது போகாவிட்டால் ரேடியோவைச் சரிசெய்யுங்கள், இல்லை இரு முனையிலும் எம்டியூவைக் குறையுங்கள்.

இரண்டு ரவுட்டர் மட்டும் உள்ள லிங்க்கில் நெட்வொர்க் வகையைப் பாயின்ட்-டு-பாயின்ட் என்று மாற்றுவது நல்லது. தேவையில்லாத தலைமைத் தேர்தல் போகும். ஆனால் ஒரு முனையில் மட்டும் மாற்றிவிட்டால் விநோதம்: நெய்பர் ஃபுல் காட்டும், வழி மட்டும் வராது. ஒருவர் சீட்டில் “நேர் லிங்க்” என்றும் மற்றவர் சீட்டில் “பொது வலை” என்றும் இருக்கும். இரு தரப்பும் ஒரே லிங்க்கை ஒப்புக்கொண்டால்தான் கணக்கு அதைச் சேர்க்கும். ஒரு தலைக் காதலுக்கு லிங்க்-ஸ்டேட்டில் இடமில்லை.

அறுந்ததை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்ளும்? ஃபைபர் நேராக ரவுட்டரின் எஸ்எஃப்பியில் (ஃபைபர் செருகும் மாட்யூல்) செருகியிருந்தால், வெளிச்சம் போன உடனே புதுச் சீட்டு கிளம்பிவிடும். எஃப்ஆர்ஆர் முதல் கணக்கைத் தாமதிக்காமல் போடும். மேலும் மேலும் மாற்றம் வந்தால் 50 மில்லி வினாடியில் தொடங்கி 5 வினாடி வரை இடைவெளியைக் கூட்டும். இந்த அமைப்பு அருமை, கை வைக்க வேண்டாம். நடுவில் மீடியா கன்வர்ட்டரோ ஸ்விட்சோ ரேடியோவோ இருந்தால் கதை வேறு. அந்தப்பக்கம் அறுந்தாலும் இந்தப்பக்கப் போர்ட் எரிந்துகொண்டே இருக்கும். நலம் விசாரிக்கும் ஹலோ பாக்கெட் 10 வினாடிக்கு ஒன்று, 40 வினாடி சத்தமில்லை என்றால்தான் ஆள் போனதாகக் கணக்கு. 40 வினாடி என்றால் கஸ்டமர் கேருக்குப் போன் வரத் தொடங்கியிருக்கும். இதற்குத்தான் பிஎஃப்டி: 300 மில்லி வினாடிக்கு ஒரு தட்டு, மூன்று தவறினால் போச்சு, அதாவது 0.9 வினாடி. ஃபைபரில் அப்படியே விடுங்கள். வயர்லெஸ்ஸில் அந்த வேகம் ஆகாது. கொஞ்சம் இரைச்சல் வந்தாலே லிங்க்கைக் கொன்று எழுப்பும். 500 மில்லி வினாடி, ஐந்து தவணை என்று 2.5 வினாடிக்கு வைத்தால் பொறுமையாக இருக்கும்.

பராமரிப்புக்கு இதில் ஒரு கமாண்ட் இருக்கிறது, அதற்காகவே எஃப்ஆர்ஆரைப் பாராட்டலாம்: மேக்ஸ்-மெட்ரிக் ரவுட்டர்-எல்எஸ்ஏ அட்மினிஸ்ட்ரேட்டிவ். செக்கானூரணிப் பெட்டியில் ரேம் மாற்றப் போகிறீர்கள். இதைத் தட்டினால் அந்தப் பெட்டி தன் லிங்க்குகளுக்கெல்லாம் 65535 செலவு என்று அறிவிக்கும். ஊடே போகிற டிராஃபிக் தானே திருமங்கலம் பக்கம் நகர்ந்துவிடும். செக்கானூரணியின் சொந்த டிராஃபிக் கடைசிவரை ஓடும். பிறகு நிம்மதியாக நிறுத்தலாம்.

பிராட்பேண்ட் கொடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பெட்டியோடு நேராகச் சேர்ந்த எல்லா முகவரியையும் அறிவிக்கச் சொல்லும் ரீடிஸ்ட்ரிபியூட் கனெக்டட் என்ற கமாண்டை எழுதிவிடுகிறார்கள். பிபிபிஓஇ (லாகின் செய்து நெட்டுக்குள் வரும் முறை) கஸ்டமர் ஒவ்வொருவரும் உள்ளே வரும்போது ஒரு முகவரி, அதற்கொரு எல்எஸ்ஏ. உசிலம்பட்டியில் கரண்ட் போனால் முந்நூறு வீட்டு மோடம் அணைந்து முந்நூறு சீட்டு ஊரெல்லாம் பறக்கும். கரண்ட் வந்தால் மறுபடி முந்நூறு. அந்த ஊரின் முகவரித் தொகுப்பு 10.20.0.0/16 என்றால், அதை ஒரே ஸ்டேட்டிக் பிளாக்ஹோல் ரவுட்டாக (கையால் எழுதிய, மாறாத வழி; வேறு வழி இல்லாத பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும்) எழுதி அந்த ஒன்றை மட்டும் அறிவியுங்கள். கஸ்டமர் போர்ட் எல்லாம் பாசிவ் ஆக, அதாவது ஓஎஸ்பிஎஃப் பேசாமல், இருக்கட்டும். யாரோ ஒருவர் வீட்டு ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் பேசி, “இன்டர்நெட்டுக்கு வழி நான்தான்” என்று சொன்னால் நம் ஆறு பெட்டியும் நம்பிவிடும். ஊருக்கு ஊர் லிங்க்கில் பேசுவது நம் பெட்டிதானா என்று சரிபார்க்கும் எம்டி5 சாவியும் போடுங்கள்.

ஐபிவி6-க்கு ஓஎஸ்பிஎஃப் 3 என்ற தனிப் பதிப்பு, தனி டீமன். செலவு, பாசிவ் எல்லாவற்றையும் இரண்டாவது முறை எழுத வேண்டும். ஒரு பக்கம் மாற்றி மறுபக்கம் மறந்தால் வி4 ஃபைபரிலும் வி6 ரேடியோவிலும் போகும். இது எரிச்சல்தான்.

இதைப் போடுமுன் உங்கள் ஃபைபர் எந்தக் குழியில் ஓடுகிறது என்று நடந்து பார்த்துவிடுங்கள். செக்கானூரணிக்குப் போவதும் திருமங்கலத்துக்குப் போவதும் வரைபடத்தில் இரண்டு கோடு. கோர் அறையிலிருந்து முதல் 2 கிலோமீட்டர் ஒரே பள்ளத்தில் போனால், ஒரே ஜேசிபி இரண்டையும் சேர்த்து அள்ளும். எந்த ரவுட்டிங் புரோட்டோகாலுக்கும் மண்ணுக்கடியில் கண் கிடையாது. மேலூருக்கும் இதே பேச்சுதான். ஒத்தக்கடை வழியாக ஒற்றை ஃபைபர் மட்டும் இருக்கும்வரை அந்தக் கிளைக்கு ஓஎஸ்பிஎஃப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றே. இரண்டு வரி ஸ்டேட்டிக் ரவுட் போதும். அழகர்கோவில் பக்கமாக இரண்டாவது ஃபைபர் மேலூரைத் தொடும் அன்று அங்கே இதை ஏற்றுங்கள். ஏற்றிய அன்றிரவே, அதிகாலை மூன்று மணிக்கு ஒத்தக்கடை முனையைக் கையால் பிடுங்கிவிட்டு, பிங் எத்தனை தவறியது என்று எண்ணுங்கள்.